14 வயதுப் பையனின் பையில் கத்தி இருந்தால்

நீங்கள் எழுதியது மூன்றே வரிதான். "சின்னப் பையன்கள்கூட இப்போது கத்தியும் கையுமாகத் திரிகிறார்களே, இதற்கு வறுமை காரணமா, வளர்ப்பு காரணமா, செல்போன் காரணமா? என் அக்கா மகனுக்கு 14 வயது. போன வாரம் அவன் பள்ளிப் பையில் ஒரு கத்தி இருந்தது." முதல் வரி ஊர் உலகத்தைப் பற்றியது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது மற்ற இரண்டு வரிகளும்தான் என்று நினைக்கிறேன். இவன் கெட்டுப்போய்விட்டானா, இனி இப்படியேதான் ஆகிவிடுவானா என்பதுதானே நீங்கள் உண்மையில் கேட்பது? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் இல்லங்களில் ஆலோசகராக வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். இந்த அனுபவத்தில் ஒரு கோணல் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாட்டிக்கொண்டவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதே சண்டையைப் போட்டுவிட்டு, அதே திருட்டைச் செய்துவிட்டு, மாட்டாமல் வளர்ந்து இன்று கணக்கராகவோ ஓட்டுநராகவோ இருப்பவர்கள் யாரும் என் எதிரில் வந்து உட்கார்ந்ததில்லை. எனவே நான் பார்த்த முகங்களை மட்டும் வைத்துக் காரணம் சொன்னால் பாதிக் கதைதான் வரும். குழந்தைகளைச் சிறுவயதிலிருந்து பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் சில இருக்கின்றன. அவற்றையும் துணைக்கு வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

"காரணம் என்ன?" என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பையன் ஏன் இந்தப் பக்கம் வருகிறான், குறிப்பிட்ட அந்த நிமிஷத்தில் ஏன் கை ஓங்குகிறான், கூட வந்தவர்கள் எல்லாம் விட்டுவிட்ட பிறகும் இவன் ஏன் விடவில்லை. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. தொலைக்காட்சி விவாதங்களில் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போடுகிறார்கள் அல்லவா, பெரும்பாலும் அவர்கள் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சந்தேகமே இல்லாததிலிருந்து தொடங்கலாம். குற்றம் என்பது பெரும்பாலும் வயதோடு வந்து வயதோடு போவது. பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே பிரான்சின் நீதிமன்றக் கணக்குகளை வைத்து 1831-லேயே இதைக் காட்டிவிட்டார். பதின்வயதில் ஏறும், பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ உச்சம் தொடும், அப்புறம் இறங்கிவிடும். கிட்டத்தட்ட 200 வருடம் கழித்தும், வெவ்வேறு நாடுகளில், இந்தக் கோடு சற்று முன்னே பின்னே நகர்ந்தாலும் அதன் வடிவம் மாறவில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் பணியாற்றிய உளவியலாளர் டெரி மோஃபிட் 1993-ல் ஒரு பிரிவினையை முன்வைத்தார். ஒரு பெரிய கூட்டம் பதின்வயதில் மட்டும் விதிகளை மீறிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் குழந்தைப் பருவத்திலேயே ஆரம்பித்து வாலிபம் தாண்டியும் தொடர்கிறது. எத்தனை கூட்டம், கோடு எங்கே விழுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே சச்சரவு இருக்கிறது. பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள் என்பதில் இல்லை.

அந்தச் சின்னக் கூட்டம் எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கணக்கு. 1945-ல் பிறந்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 ஆண் பிள்ளைகளின் போலீஸ் பதிவுகளை மார்வின் வுல்ஃப்காங் குழுவினர் 18 வயது வரை பார்த்தார்கள். மூன்றில் ஒருவர் பெயர் ஒரு தடவையாவது பதிவேட்டில் ஏறியிருந்தது. ஆனால் பதிவான மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்தவர்கள் வெறும் 627 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இந்த விஷயத்தில் பெரும்பாலோர் இருபதிலேயே தானாக வளைந்துவிடுகிறார்கள். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில், இரக்கமே இல்லாத ஒரு புதிய சிறார் தலைமுறை வரப்போகிறது என்று சில அறிஞர்கள் எச்சரித்தார்கள். சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன, சிறுவர்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிப்பது கூடியது. அந்தத் தலைமுறையோ வரவே இல்லை. அவர்கள் எச்சரித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் சிறார் வன்முறைக் கைதுகள் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தன.

சரி, ஏன் இந்தப் பக்கம் வருகிறார்கள்? அடிப்பதை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கனடாவில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே செய்த ஆய்வுகளின்படி மனிதர்கள் அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் பிடுங்குவதும் இரண்டு, மூன்று வயதில். அதன்பின் பேச்சு வருகிறது, காத்திருக்கப் பழகுகிறார்கள், அடி குறைகிறது. சில குழந்தைகளுக்கு அந்தப் பழக்கம் சரியாகப் பிடிபடுவதில்லை. ஏன் என்று பார்த்தால் ஒரே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தெற்கு லண்டனில் 411 பையன்களை எட்டு வயதிலிருந்து, 1961 தொடங்கி, பின்தொடர்ந்த ஆய்வில் டேவிட் ஃபாரிங்டன் கண்டவை இவை: படபடப்பும் பொறுமையின்மையும், படிப்பில் பின்தங்குதல், தண்டனை பெற்ற பெற்றோர், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கவனிக்க ஆளில்லாத வீடு, குறைந்த வருமானம், நிறைய பிள்ளைகள். இதில் எது ஒன்றும் தனியாக யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. நாலைந்து சேர்ந்தால் ஆபத்து ஏறுகிறது. அப்போதும்கூட நிறையப் பேர் ஒழுங்காகவே வளர்கிறார்கள்.

வீட்டில் அடிபட்ட குழந்தைதான் வெளியே அடிக்கிறது என்பார்கள். உண்மை, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றத்தில் பதிவான குழந்தைகளில் 26 சதவீதம் பேர் சிறார் வயதில் கைதானார்கள். அப்படிப் பதிவில்லாத, அதே மாதிரிச் சூழலில் வளர்ந்த குழந்தைகளில் 17 சதவீதம். வித்தியாசம் நிஜம். அதே நேரம், கொடுமைக்கு ஆளானவர்களில் 74 சதவீதம் பேர் சிறார் வயதில் கைதாகவில்லை. இந்த இரண்டாவது எண்ணை யாரும் மேடையில் சொல்வதில்லை. நான் இருந்த இல்லங்களில் சில ஊழியர்கள் ஒரு பையனின் கோப்பைப் பிரித்து "அப்பா குடிகாரர்" என்ற வரியைப் பார்த்ததுமே மூடிவிடுவார்கள், கதை முடிந்துவிட்ட மாதிரி. எனக்கு அது எப்போதும் எரிச்சல் மூட்டும்.

வறுமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏழைப் பகுதிகளில் சிறார் குற்றம் அதிகம் பதிவாகிறது என்பது உண்மை. ஆனால் போலீஸ் அங்கேதான் அதிகம் சுற்றுகிறது என்பதும் உண்மை, அதனால் வெறும் பதிவை வைத்து முடிவுக்கு வர முடியாது. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு அமெரிக்காவின் வட கரோலினாவில் தற்செயலாக அமைந்தது. 1993-லிருந்து அங்கே 1,420 குழந்தைகளின் மனநலத்தை ஜேன் கோஸ்டெல்லோ குழுவினர் கவனித்து வந்தார்கள். அவர்களில் நாலில் ஒரு பங்கு செரோக்கி பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வு நடக்கும்போதே, அந்தப் பழங்குடியினரின் சூதாட்ட விடுதி லாபத்திலிருந்து 1996 முதல் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பணம் வர ஆரம்பித்தது. யாரும் எதையும் செய்து சம்பாதித்த பணம் இல்லை, கையில் வந்து விழுந்தது. அதனால் வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரண்டு, சண்டை, திருட்டு போன்ற நடத்தைப் பிரச்சினைகள், ஒருபோதும் ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. பதற்றமும் மனச்சோர்வும் அப்படி இறங்கவில்லை. எப்படி இறங்கியது என்று தோண்டியபோது கிடைத்தது எளிய விஷயம்: பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. ஆக வறுமையா வளர்ப்பா என்று பிரித்துக் கேட்பதே சரிப்படாது. பணம் இல்லாத வீட்டில் முதலில் பறிபோவது கவனிக்கும் நேரம்.

கவனிப்பது என்றதும் செல்போனை வாங்கிச் சோதிப்பதும், பின்னாலேயே போவதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000-த்தில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். பிள்ளையைப் பற்றி நிறையத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் தவறு செய்வது குறைவு என்பது பழைய கண்டுபிடிப்பு. ஆனால் அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், துருவித் துருவி விசாரித்தோ கட்டுப்பாடு போட்டோ அல்ல, பெரும்பாலும் பிள்ளை தானாகவே வந்து சொன்னதால்தான். சொன்னால் அடி விழாது என்று தெரிந்த வீட்டில்தான் பிள்ளை சொல்லும்.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, பொதுவில் யாரும் அதிகம் பேசாதது: அந்த நிமிஷத்தில் என்ன நடக்கிறது? ஆலோசனையில் நான் "ஏன் குத்தினாய்?" என்று கேட்பதை ரொம்ப நாளைக்கு முன்பே விட்டுவிட்டேன். "ஏன்" என்றால் பையன் தலையைக் குனிந்துகொள்வான், இல்லாவிட்டால் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்வான். அதற்குப் பதிலாகக் குத்துவதற்கு முந்தைய அரை நிமிஷத்தை மட்டும் மெதுவாகச் சொல்லச் சொல்வேன். ஒரு 16 வயதுப் பையன் சொன்னது இப்படிப் போனது. "அவன் முறைச்சான் சார்." எத்தனை தூரத்தில் நின்றான்? "ரோட்டுக்கு அந்தப் பக்கம்." உன்னைத்தான் முறைத்தானா? கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்படித்தான் நினைச்சேன்." உன்கூட யார் இருந்தார்கள்? மூன்று பெயர் சொன்னான். அவர்கள் என்ன செய்தார்கள்? "ஒருத்தன் 'என்னடா சும்மா நிக்கிற'ன்னான். இன்னொருத்தன் போனை எடுத்துட்டான், வீடியோ எடுக்க." நீ மட்டும் தனியாக அந்த வழியில் போயிருந்தால்? உடனே பதில் வந்தது: "நான் பாட்டுக்குப் போயிருப்பேன்." வறுமை, வளர்ப்பு, சினிமா எல்லாம் அந்தப் பையனின் பின்னால் எங்கேயோ இருந்தன. அந்தச் சாலையில் இருந்தது ஒரு முறைப்பும், மூன்று நண்பர்களும், போய்விடக் கூடாத ஒரு கெத்தும்தான்.

இது அவன் ஒருவனின் கதை மட்டுமல்ல. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் 306 பேரை வைத்துக் கணினியில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை நடத்தினார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் சோதனை. பக்கத்தில் வயதொத்த தோழர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர்களின் துணிச்சல் தாறுமாறாக ஏறியது. 24 தாண்டியவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. சிறார் குற்றங்கள் பெரும்பாலும் கூட்டாகவே நடக்கின்றன என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். தனியாக இருக்கும்போது தோன்றாத யோசனை நாலு பேர் நடுவில் தோன்றும், தோன்றிய பிறகு பின்வாங்கவும் முடியாது.

சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' என்ற திட்டத்தில் பையன்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார்கள். இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருவன் கையில் ஒரு பந்து, மற்றவன் 30 நொடிக்குள் அதை வாங்க வேண்டும். ஏறக்குறைய எல்லோருமே விரலைப் பிரிப்பது, முறுக்குவது, தள்ளுவது என்று இறங்கிவிடுவார்கள். நேரம் முடிந்ததும் பயிற்றுநர் கேட்பார்: "பந்தைக் கொடு என்று ஏன் யாரும் கேட்கவில்லை?" கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்றால் பந்து வைத்திருந்தவன் "கொடுத்திருப்பேனோ என்னவோ" என்பான். இப்படி நிதானத்தைப் பழக்கும் அந்தத் திட்டத்தை, குலுக்கல் முறையில் பிரித்த இரண்டு குழுக்களை வைத்து ஆராய்ந்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. திட்டம் முடிந்த பிறகு அந்தப் பலன் அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், வறுமையையும் குடும்பத்தையும் துளிகூட மாற்றாமல், அந்த அரை நிமிஷத்தை மட்டும் மாற்றியே இவ்வளவு குறைக்க முடிந்தது.

இப்போது நிச்சயமில்லாதவை. வன்முறை வீடியோ விளையாட்டுகள் சிறிய அளவில் எரிச்சலையும் முரட்டுத்தனத்தையும் கூட்டலாம் என்று சில ஆய்வுகள், அதுகூட இல்லை என்று வேறு சில. ஆனால் நிஜக் கத்திக்குத்துக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. மரபணுதான் காரணம், பெட்ரோலில் கலந்த ஈயம் மூளையைப் பாதித்ததுதான் காரணம் என்பவை எல்லாம் சுவாரஸ்யமான ஆராய்ச்சிகள், ஒரு தனிப் பையனைப் பற்றி எதுவும் சொல்ல உதவாதவை. செல்போனில் எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று. முன்பெல்லாம் ஒரு சண்டையை நாலு பேர் பார்த்தார்கள், இரண்டு நாளில் மறந்தார்கள். இப்போது அது காணொளியாகச் சுற்றுகிறது, அவமானம் ஆறுவதில்லை, பழிக்குப் பழி நீள்கிறது. இது நான் பார்த்ததிலிருந்து சொல்வது. ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் பெரியவர்களாகிய நமக்கு அவ்வளவு உவப்பாக இருக்காது. பையன் ஏன் விடவில்லை என்றால், பல நேரம் நாம் விடவிடவில்லை. சிகாகோவில் ஆயிரக்கணக்கான சிறார் வழக்குகளை அன்னா ஐசரும் ஜோசப் டாயலும் ஆராய்ந்தார்கள். வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பது அங்கே ஏறக்குறைய குலுக்கல் மாதிரி. கடுமையான நீதிபதியிடம் போய், அதனால் அடைக்கப்பட்ட பிள்ளைகள், அதே மாதிரி வழக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைவிடப் பள்ளியை முடிப்பது குறைந்தது, பெரியவர்களான பின் சிறைக்குப் போவது கணிசமாகக் கூடியது. சிறையைக் கூட்டிப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவான் என்று அமெரிக்காவில் 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' என்று ஒன்று நடத்தினார்கள். ஆயுள் கைதிகள் பிள்ளைகளைக் கூச்சல் போட்டு மிரட்டுவார்கள். பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போகாத பிள்ளைகளைவிடப் போய்வந்தவர்கள் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். தீவிரமான குற்றம் செய்த 1,354 சிறாரை ஏழு வருடம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், பெரும்பாலோர் குற்றத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நீண்ட நாள் அடைத்து வைத்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. அடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவனின் உயிருக்கு ஆபத்து இருந்தால் பிரித்து வைத்தே ஆக வேண்டும். அது பாதுகாப்பு, வைத்தியம் அல்ல. கெட்டவன் என்று முத்திரை விழுந்து, படிப்பு நின்று, இருக்கும் ஒரே நட்பு அதே மாதிரிப் பையன்கள்தான் என்றான பிறகு அவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

உங்கள் அக்கா மகனுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயுதம் வைத்திருக்கும் பையன்களில் நான் பார்த்தவர்கள் அனேகமாக எல்லோரும் பயந்தவர்கள். அடிப்பவனும் அடிபடுபவனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான், வேறு வேறு நாட்களில். அதனால் "ஏன்டா கத்தி வைத்திருக்கிறாய்" என்று கேட்காமல் "யாரைப் பார்த்துப் பயப்படுகிறாய்" என்று கேளுங்கள். அதையும் அவன் அப்பாவோ உங்கள் அக்காவோ கோபத்தில் கேட்க வேண்டாம். அவன் யாரிடம் சாதாரணமாகப் பேசுவானோ அவர் கேட்கட்டும். நீங்களாகவே இருக்கலாம், மாமா என்றால் பிள்ளைகள் கொஞ்சம் அதிகம் பேசும். எந்த வழியில் பள்ளிக்குப் போகிறான், அந்த வழியில் யார் நிற்கிறார்கள், அவனைப் பற்றி ஏதாவது காணொளி சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கத்தியை அவனிடமிருந்து வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள், அதில் பேரமே இல்லை. ஆனால் அதைக் கொண்டுபோகத் தூண்டிய பயத்துக்கும் ஒரு வழி செய்துவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வேறொன்றை எடுப்பான்.

சின்ன வயதிலிருந்தே பிராணிகளையும் பிள்ளைகளையும் வதைப்பது, வீட்டில், பள்ளியில், தெருவில் என்று எங்கும் ஒரே மாதிரி முரட்டுத்தனம், செய்ததை நினைத்து உறுத்தலே இல்லாமை, இவை இருந்தால் தாமதிக்காமல் சிறார் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இவை எதுவும் இல்லாமல் இந்த ஒரு வருடமாகத்தான் மாறியிருக்கிறான் என்றால், நூற்றுக்கு ஆறு பேர் கூட்டத்தில் அவனைச் சேர்க்க அவசரப்பட வேண்டாம். திருத்துகிறோம் என்று சொல்லி இதே மாதிரிப் பையன்களைக் கூட்டி வைக்கும் கடுமையான விடுதி எதிலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். பள்ளி அவனை வெளியே அனுப்பப் பார்த்தால் உள்ளே வைத்திருக்கும்படி மன்றாடுங்கள், வேறு வகுப்பு, வேறு நேரம், எந்த நிபந்தனையானாலும் சரி. அவன் பேச ஆரம்பித்து ஏதாவது பெயரோ மிரட்டலோ சொன்னால் இங்கேயே கீழே எழுதுங்கள், ஆனால் அந்தப் பெயர்களை மட்டும் பொதுவில் போட வேண்டாம்.